கோட்டுப் பையில் ஒரு பேட்டரி

ஒவ்வொரு மாட்டுக்கொட்டகையின் வாசலிலும் ஸ்கேன் அக்கா சற்று நிற்பார். கோட்டின் உள்பையிலிருந்து பேட்டரியை எடுத்து, சூடு இருக்கிறதா என்று கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். முனைகளைச் சட்டைக் கையில் இரண்டு தேய்ப்பு. பிறகு கருவிக்குள் போட்டு, உடைந்த மூடியின் மேல் ரப்பர் பேண்டை மாட்டுவார். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். உடம்புச் சூட்டில் கிடந்தால் கொஞ்சம் தாங்கும்.

"வீட்டுக்காரரைக்கூட இப்படி நெஞ்சோட வச்சிருக்க மாட்டீங்கக்கா" என்று சிரித்தார் ஒரு பண்ணைக்காரர்.

"அவரு இறங்கிப்போனா கழட்டி வேற மாட்ட முடியுமா?"

பண்ணை பண்ணையாகப் போய் மாடுகளை ஸ்கேன் செய்து, சினையா காலியா என்று சொல்வது அவர் வேலை. எங்கள் பால் சங்கத்தில் பதினெட்டு வருடம். சினை என்றால் மாடு தங்கும், காலி என்றால் லாரி ஏறும். "அக்கா சொன்னா சொன்னதுதான்" என்பார்கள். அந்தப் பேச்சைத்தான் அவர் தன் சொத்தாக நினைத்தார்.

பழைய கருவிகள் தேய்ந்துபோனதால் சங்கம் புதிதாக வாங்க நினைத்தது. இரண்டு வகை வந்தன. ஒன்றில் பேட்டரி உள்ளேயே மூடி வைத்திருந்தது. சாணியோ தண்ணீரோ புகாது, எடையும் குறைவு, எட்டு மணி நேரம் ஓடும் என்று போட்டிருந்தார்கள். மற்றது கனம்; ஆனால் பேட்டரியைக் கழற்றி மாற்றலாம். அலுவலகத்தில் கோப்பு பார்க்கும் என்னை, மூடிய கருவியோடு இரண்டு நாள் அக்காவுடன் அனுப்பினார் மேனேஜர்.

வெயிலில் படம் தெரியத் திரையின் வெளிச்சத்தை முழுக்க ஏற்ற வேண்டியிருந்தது. விடியற்குளிர் வேறு. முதல் நாள் நாற்பத்தோராவது மாட்டோடு கருவி படுத்துவிட்டது. நாலரை மணி நேரம். இரண்டாம் நாளும் அதே கதை. கடைசிக் கொட்டகைகளில் மின்சார இணைப்பே கிடையாது.

"எழுதிக்கிட்டியா தம்பி? இதை அப்படியே மேனேஜர்கிட்ட சொல்லிடு. எனக்குக் கூட்டத்துல பேசத் தெரியாது."

எனக்கு மட்டும் தெரியுமா? கூட்டத்தன்று நோட்டுப் புத்தகம் என் மடியில் இருந்தது. மூடிய கருவியே நல்லது என்று எல்லோரும் தலையாட்டினார்கள். "வேற யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்று மேனேஜர் இரண்டு முறை கேட்டார். என் பக்கம்தான் பார்த்தார். எனக்குப் பின்னால் சுவர்க் கடிகாரம் இருந்தது. நேரம் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். வாயில் கொழுக்கட்டை வைத்தவன்போல உட்கார்ந்திருந்தேன்.

மூடிய கருவி வந்தது. மூன்றாம் மாதம், ஒரு நாளின் கடைசிக் கொட்டகையில், கடைசி மாட்டுக்கு முன்னால் திரை இருண்டது. வெளியே லாரி உறுமிக்கொண்டிருந்தது.

"சீக்கிரம் சொல்லுங்கக்கா, டிரைவர் கத்துறான்" என்றார் மாட்டுக்காரர்.

நாளைக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அக்கா கையை விட்டுப் பார்த்தார். நாற்பது நாள்கூட ஆகாத சினை கைக்குத் தட்டுப்படாது என்பது அவருக்குத் தெரியாததல்ல. பதினெட்டு வருடப் பெயர் அவரைப் பேச வைத்துவிட்டது.

"காலி."

எட்டு மாதம் கழித்து, வாங்கியவன் வீட்டில் அந்த மாடு கன்று போட்டது. கிடேரிக் கன்று. சேதி பால் கேன்களோடு ஊரெல்லாம் போனது. "மாடு காலியில்லை, அக்கா கைதான் காலி" என்று சொல்லிச் சிரித்தார்கள்.

கருவியைத் திருப்பிக் கொடுக்க அக்கா அலுவலகம் வந்தார். பேசும்போதெல்லாம் கை கோட்டின் உள்பைக்குப் போய்ப் போய் வந்தது. அங்கே ஒன்றும் இல்லை.

"பேட்டரி நின்னதாலதானேக்கா..." என்று ஆரம்பித்தேன்.

"மெஷின் மேல பழி போடாத தம்பி. அது வாயை மூடிக்கிச்சு. நானும் மூடியிருக்கணும்."

அதன்பின் அவர் எந்தக் கொட்டகைக்கும் போகவில்லை.

மேனேஜர் ஓய்வுபெற்ற அன்று, மேசையைக் காலி செய்ய உதவிக்கொண்டிருந்தேன். பழைய கருவியின் ரப்பர் பேண்ட் ஒன்று இழுப்பறையில் கிடந்தது. அதை விரலில் சுற்றியபடி அவர் சொன்னார்: கூட்டத்துக்கு முதல் நாள் அவரே அக்காவுக்கு ஃபோன் செய்து, எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறார்.

"'என்னைக் கேக்காதீங்க சார், அந்தத் தம்பி ரெண்டு நாள் கூடவே இருந்து எல்லாம் எழுதி வச்சிருக்கான், அவன் வேணாம்னா வாங்காதீங்க'ன்னு அக்கா சொல்லுச்சு. அதான்பா அன்னிக்கு உன்னைப் பார்த்து ரெண்டு தடவை கேட்டேன்."