மடுவில் பதினோரு வாளை

சனிக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு அந்தப் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். நேரம் எனக்கு நிச்சயமாகத் தெரியும். பிறகு படத்தை அழித்துவிட்டேன். ஆனாலும் அழிக்கப்பட்ட செய்தி என்கிற வரிக்குப் பக்கத்தில் 11.20 மட்டும் அப்படியே நின்றுகொண்டிருக்கிறது. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. அதனால்தான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

படத்தில் என் மகள் முழங்கால் தண்ணீரில் குனிந்து நிற்கிறாள். இரண்டு கைகளிலும் ஏந்திய ஒரு வாளை மீன். அவள் கை நீளத்துக்கு இருக்கும். வெள்ளி வயிறு, கிழித்துவிட்டது மாதிரி அகலமான வாய், நீண்ட மீசை. அளந்து பார்த்துவிட்டுத் திரும்பத் தண்ணீரில் விடுவதற்கு முன் அவளோடு வேலை செய்யும் பெண் எடுத்த படம். மகள் அதை எனக்கு மட்டும் அனுப்பியிருந்தாள். அதை நான் குழுவில் போட்டு, கீழே எழுதினேன்: "நம் வெள்ளாற்றுத் தடுப்பணையில் இன்னும் இவ்வளவு பெரிய மீன் இருக்கிறது. தண்ணீர் இடுப்பளவுதான். பிடித்திருப்பது நம் வீட்டுப் பெண்." ஊர்ப் பெயரையும் சேர்த்தேன்.

வீம்புக்குத்தான் போட்டேன். மகள் மீன்வளம் படித்து முடித்த நாளிலிருந்து உறவுக்காரர்கள் என்னை விட்டுவைக்கவில்லை. "மீன் எண்ணுறதுக்கெல்லாமா சம்பளம் தாராங்க?" என்பார்கள். "மாப்பிள்ளை வீட்டுல கேட்டா என்ன வேலைன்னு சொல்லுவ?" என்பார்கள். நானும் உள்ளுக்குள் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு வருடமாக அவள் வெள்ளாற்றின் மேலும் கீழும் அலைகிறாள். எந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது, அதில் எந்த மீன் மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பது வேலை. குளங்களில் ஜிலேபிக் கெண்டையும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் பெருகி, ஆற்றில் தண்ணீரும் நிற்காமல் போய், வாளை அருகிப்போய்விட்டது. அப்படிப்பட்ட மீனைக் கையில் பிடித்துக்கொண்டு என் பெண் சிரிக்கிறாள். பார்க்கட்டும் எல்லாரும் என்று நினைத்தேன்.

இந்த மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் செய்யக்கூடாத தப்பு அது. சித்திரை மாதத்தில் எங்கள் பக்கம் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். சுற்றுப்பட்டு ஊரெல்லாம் கூடி, ஒரே நேரத்தில் இறங்கி, அகப்பட்டதை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். விற்கக் கூடாது, சமைத்துத்தான் சாப்பிட வேண்டும். அன்றைக்கு எந்தத் தெருவில் நடந்தாலும் மீன் குழம்பு மணக்கும். அப்படிப்பட்ட ஊரில், சித்திரையில், தண்ணீர் இடுப்பளவு, மீன் பெரிது, ஊர் இது என்று எழுதினால் அதற்கு அழைப்பிதழ் என்றுதான் அர்த்தம்.

நாலு மணிக்கு விராலிமலையிலிருந்து தம்பி கூப்பிட்டான். அங்கே ஹைவேயில் டயர் கடை வைத்திருக்கிறான்.

"அக்கா, நாளைக்குக் காலையில நேரா ஆத்துக்கே வந்துர்றோம். மத்தியானம் ஒன் வீட்டுலதான் சாப்பாடு. புளிய ஊறப்போட்டு வையி."

"எந்த ஆத்துக்குடா?"

"வெளையாடாதக்கா. நீ போட்ட படம்தான இங்கிட்டு பூராம் ஓடுது? நான்தான் கடைப் பயலுகளுக்குத் தள்ளிவிட்டேன், மத்தியானத்துலேர்ந்து ஊத்தா தேடி அலையுறானுக."

ஊத்தா என்பது மேலும் கீழும் திறந்த மூங்கில் கூடை. சேற்றுத் தண்ணீரில் கவிழ்த்து அழுத்தி, மேல்வாய் வழியாகக் கையை விட்டு மீனை எடுப்பார்கள்.

அவனுக்கு வந்த செய்தியை எனக்கு அனுப்பினான். என் மகளின் படம். நான் எழுதியதை எடுத்துவிட்டு யாரோ எழுதியிருந்தார்கள்: "நாளை ஞாயிறு காலை 7 மணி. மாபெரும் மீன்பிடித் திருவிழா. அனைவரும் வருக."

தடுப்பணைக்குப் பக்கத்து ஊரிலேயே ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தாள் மகள். அவளிடம் சொல்வதற்கு முன் இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தேன். சொன்னேன்.

"ஊர்ப் பேரையாவது போடாம இருந்திருக்கலாம்லம்மா" என்றாள்.

"திருவிழா இல்லன்னு எல்லாருக்கும் போட்டுவிடுறேன்."

"போடு. ஆனா மீன் இருக்குன்னு சொன்னா ஓடுற மாதிரி, இல்லன்னு சொன்னா ஓடாதும்மா." பிறகு மெதுவாகச் சொன்னாள். "பதினொண்ணு இருக்கு. நான் தேடின வரைக்கும் ஆத்துல வேற எங்கயும் இல்ல. புதுத்தண்ணி வர்ற வரைக்கும் இந்த மடு தாங்கிட்டாப் போதும், அதுக ஏறிப்போய் முட்டை வச்சிரும். நாளைக்கு எறங்கினாங்கன்னா ஒரு மணி நேரம் ஆகாது, எல்லாம் முடிஞ்சிரும்."

"நீ கரையிலயே நில்லு. தண்ணிக்குள்ள போகாத. என்ன?"

"சரிம்மா" என்றாள். அந்தச் சரியை இருபத்து நாலு வருடமாகக் கேட்டிருக்கிறேன். செய்ய மாட்டாள் என்று அர்த்தம்.

தடுப்பணையை ஒட்டித் தண்ணீர் நிற்கும் பள்ளம்தான் மடு, அது அந்த ஊருக்குப் பாத்தியப்பட்டது. ஊர் முதல்வரை அம்பலம் என்பார்கள். போன வருடமே மகள் அவரைப் போய்ப் பார்த்து, மடுவில் வலை கட்டிப் பாதுகாத்துக்கொள்கிறோம் என்று கேட்டாள். "பாப்போம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அது சம்மதமா இல்லையா என்று அவளுக்கும் தெரியாது, ஊருக்கும் தெரியாது. ஆனாலும் வலையைக் கட்டிவிட்டாள். இப்போது அவர் கண் ஆபரேஷனுக்காகத் திருச்சியில் மகள் வீட்டில் இருந்தார். போன் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் திருக்கோகர்ணத்தில் என் வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்தேன். தடுப்பணைக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போதே ரோட்டின் இரண்டு பக்கமும் பைக்குகள். ஆட்டோக்காரர், "என்னங்கம்மா, கூடையில்லாம வந்துருக்கீங்க?" என்றார். இறங்கி ஓடினேன். இந்த வயதில், புடவையில், ஆற்று மணலில் ஓடினேன்.

கரை முழுக்க ஆட்கள். ஊத்தா, கொசுவலை, பழைய வேட்டி, பிளாஸ்டிக் வாளி. ஒருவர் வடைச் சட்டியே போட்டுவிட்டார். யார் முகத்திலும் கெட்ட எண்ணம் கிடையாது. பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு திருவிழாவுக்கு வந்தவர்கள் அவர்கள். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. மடுவின் குறுக்கே கட்டிய வலைக்கு முன்னால், தொடையளவு தண்ணீரில், என் மகள் தன்னந்தனியாக நின்றாள். கூட வேலை செய்யும் பெண் ஊருக்குப் போயிருந்தாள்.

"ஏம்மா, மீனைக் காவல் காக்கவா ஒன்னையப் படிக்க வச்சாங்க?" என்று ஒருவர் கத்தினார்.

"ஆமாண்ணே, நீங்க வருவீங்கன்னு முன்னாடியே தெரியும்" என்றாள்.

"பாப்பா, ஒதுங்கிக்க. ஊத்தா ஒம்மேல விழுந்துரும்."

"விழுந்தா என்னையும் சேத்துக் கொழம்பு வச்சுருங்க. முள்ளு பாத்துச் சாப்பிடுங்க."

கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானூறு ஐந்நூறு பேர் ஒரே நேரத்தில் சேற்றில் பாய்ந்தால் நடுவில் நிற்கும் ஒரு பெண் என்ன ஆவாள்? கண்மாய்த் திருவிழாக்களில் மிதிபட்டுக் கால் எலும்பு முறிந்தவர்களை எனக்குத் தெரியும். மீன் போனால் போகட்டும், இவளை வெளியே இழுத்துவிட வேண்டும் என்று செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தண்ணீரில் கால் வைத்தேன்.

"யம்மா! யம்மா! ஏறுங்க மேல!"

கரையே கத்தியது. ஒரு பெரியவர் கம்பை நீட்டி என்னை மறித்தார். "இன்னும் துண்டு வீசல. அதுக்குள்ள காலை வைக்கிறீங்களே, ஒங்க ஊருல மொறை கெடையாதா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாமி கும்பிட்டு, அம்பலம் கரையில் ஏறி நின்று வெள்ளைத் துண்டை வீச வேண்டும். அதற்கு முன்னால் ஒருவரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. வேறு யாராவது வீசினாலோ, முன்னால் இறங்கினாலோ அந்த வருடம் ஊருக்கு மழை கிடையாது என்பார்கள். சின்ன வயதிலிருந்து பார்த்த வழக்கம், பயத்தில் மறந்தே போயிருந்தது. வாட்ஸ்அப் செய்தியை எழுதியவர் எல்லாரையும் கூப்பிட்டுவிட்டார், துண்டு வீசுகிறவரைக் கூப்பிட மறந்துவிட்டார். அத்தனை பேரும் ஆளுக்கொரு ஊத்தாவைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் விளிம்புக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் நின்றார்கள். ஒரு கால்கூட நனைந்திருக்கவில்லை.

மூச்சு வந்தது. கம்பை நீட்டிய பெரியவரைக் கும்பிட்டேன். எதற்கென்று அவருக்குப் புரியவில்லை.

"அப்ப அந்தப் பொண்ணு மட்டும் எறங்கி நிக்குது?" என்று ஒரு இளவட்டம் கேட்டான்.

"அது என்ன மீன் பிடிக்கவா நிக்குது?" என்றார் பெரியவர். அதோடு அந்தக் கேள்வி முடிந்தது.

தம்பி குட்டியானை வண்டியில் எட்டுப் பேரோடு வந்து இறங்கினான். அவன் காதைப் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன்.

"அங்க நிக்கிறது யாருன்னு தெரியுதா?"

"அட, நம்ம பிள்ளை!" முகம் மாறியது. "என்னக்கா இது, யாரு இவள எறங்கச் சொன்னது?"

"நான் போட்ட படம்தான்டா எறக்கி விட்டுச்சு. நீ அனுப்பினதும்தான்."

அவன் ஊத்தாவை வண்டியில் போட்டுவிட்டு வந்து, வலை கரையில் முட்டும் இடத்தில் கைகட்டி நின்றுகொண்டான். கடைப் பையன்களையும் பக்கத்தில் நிறுத்தினான். "கொழம்பு போச்சா மொதலாளி?" என்று ஒருவன் கேட்டதற்கு, "ஒன் சம்பளமும் போகும், நில்லுடா" என்றான்.

ஏழு மணி எட்டாகி, எட்டு ஒன்பதானது. வெயில் ஏறியது. பொறுமை இழந்த ஒருவன் தன் துண்டையே சுழற்றப் பார்க்க, பக்கத்தில் நின்றவர்களே அதைப் பிடுங்கித் தரையில் போட்டார்கள். மகளுக்கு மோர் பாட்டிலை வீசினேன், பிடித்துக் குடித்தாள். எனக்கு ஒரு பயம் போய் இன்னொரு பயம் வந்திருந்தது. யாரோ திருச்சிக்குப் போன் போட்டு அம்பலத்தைப் பிடித்துவிட்டார்கள், கிளம்பிவிட்டார் என்றார்கள். வந்து என்ன செய்வார்? இத்தனை சனம் காத்திருக்கும்போது எந்த ஊர்ப் பெரிய மனிதர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்? மகள் என்னைப் பார்த்தாள். வலைக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

ஒன்பதரைக்கு ஒரு பைக்கின் பின்னால் உட்கார்ந்து அம்பலம் வந்து இறங்கினார். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, தோளில் வெள்ளைத் துண்டு. கூட்டம் வழிவிட்டது. தடுப்பணைச் சுவரில் ஏறி நின்று, கண்ணாடிக்கு மேலாக மடுவையும் வலையையும் அதற்கு முன்னால் நின்ற என் மகளையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு தோளிலிருந்து துண்டை எடுத்தார். அத்தனை ஊத்தாவும் ஒரே நேரத்தில் மேலே எழும்பின.

அவர் துண்டை நாலாக மடித்தார். சுவரில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"கண்ணை அறுத்துட்டுப் படுத்துக் கெடக்கேன். என் ஊருல எனக்குத் தெரியாம எவன்யா திருவிழா வச்சது?"

"வாட்ஸ்அப்புல வந்துச்சுங்க அம்பலம்" என்றார் ஒருவர்.

"அப்ப அந்த வாட்ஸ்அப்பையே வந்து துண்டு வீசச் சொல்லு." சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். "இந்த மடு கெடையாது. இந்த வருசமும் கெடையாது, அடுத்த வருசமும் கெடையாது. நம்ம கண்மாயில மீன் கெடக்கு. வைகாசியில நாள் பாத்து நானே சொல்றேன், அப்ப எல்லாரும் வாங்க. இப்பப் போங்க, வெயிலாகுது."

கூட்டம் முனகிக்கொண்டே கலையத் தொடங்கியது. அவர் மடுப் பக்கம் திரும்பி, கையை நீட்டிக் காட்டினார்.

"ஆத்தா, ஒன்னத்தான். வலைய அங்கிட்டு இன்னும் நாலு முழம் தள்ளிக் கட்டு. வெயிலுக்கு வாளை அந்தப் பாறைக்கு அடியிலதான் போயிப் படுக்கும்."