மீட்டர் போர்டில் ஏலக்காய்ப் பச்சை

என் காரின் மீட்டர் போர்டில் எரிகிற பச்சை கடையில் கிடைக்காது. நான் சொல்லிச் செய்த பச்சை. முற்றிய ஏலக்காய், சூடு அளவாகப் பட்டுக் காய்ந்தால் ஒரு நிறம் வருமே, அந்த நிறம். போடியில் கார் வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். மீட்டரில் தன் தொழிலை எரியவிட்டவன் நான் ஒருத்தன்தான்.

பள்ளிக்கூடம் எனக்கு நான்காம் வகுப்போடு முடிந்தது. ஏலக்காய்க் கடையில் சாக்குத் தூக்கினேன். பிறகு அதே தெருவில் எனக்கென்று ஒரு கடை வைத்தேன். கைதூக்கி விட யாரும் இல்லை. என் கண்தான் எனக்கு முதல். சாம்பிள் காயைத் தட்டில் கொட்டி ஒரு தரம் குலுக்கினால் போதும். மலையில் எந்தப் பக்கத்துக் காய், உலர்த்தும்போது சூடு கூடிவிட்டதா, மழையில் பறித்ததா, எல்லாம் சொல்லிவிடுவேன். பணக்கார வியாபாரிகள்கூட என் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு விலை சொன்ன காலம் உண்டு. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைதான், ஆனால் பொய் இல்லை.

கார் பழசு. மாற்றிவிடலாம் என்று கடையில் என்னோடு இருக்கும் மகன் சொல்லிக்கொண்டே இருந்தான். எஞ்சின் நன்றாக இருக்கும்போது எதற்கு என்று விட்டுவிட்டேன். மீட்டர் பல்புகள் மட்டும் ஒவ்வொன்றாகக் கருகிப் போயின. போடிமெட்டு ஏறும்போது இருட்டிவிட்டால் வேக முள்ளும் தெரியாது, கடிகாரத்தில் மணியும் தெரியாது. தேனி ரோட்டில் ஒரு எலக்ட்ரீசியன் இருக்கிறான், சிலமலைக்காரன். அவனிடம் வண்டியை விட்டேன்.

"என்ன கலர் பாய் போடணும்? இப்ப எல்லாரும் நீலந்தான் போடுறாக. செவப்பும் இருக்கு, வெள்ளையும் இருக்கு."

சட்டைப் பையிலிருந்து ஒரு கை காயை எடுத்து அவன் மேசையில் வைத்தேன். "இந்தக் கலர்."

ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கடித்தான். "ஏலக்கால்ல இது?"

"ஏலக்காதான். திங்கச் சொல்லல, பாக்கச் சொன்னேன்."

கரண்டிக் காம்பால் முள்ளை நெம்பி எடுத்தான். பழைய பல்புகளைக் கழற்றிவிட்டுச் சின்னச் சின்ன எல்.இ.டி.களை ஈயத்தால் பற்றவைத்தான். எரியவிட்டால் கிளிப் பச்சை. கோயில் திருவிழாவுக்குச் சீரியல் செட்டு போட்ட மாதிரி இருந்தது. கழற்று என்றேன். அடுத்து ஒரு பச்சை. அது ஆஸ்பத்திரியில் கட்டில்களுக்கு நடுவே தொங்குகிற திரையின் நிறம். அதையும் கழற்றச் சொன்னேன். அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. பச்சைக்கு நடுவே மஞ்சள் ஒன்று வை, பின்னால் எண்ணெய்த்தாள் ஒட்டு என்று நான்தான் வழி சொன்னேன். மணிக்குத் தனியாகப் பிரித்துப் பற்றவைக்க வேண்டியிருந்தது. கடைசியில் எரிந்தபோது ஒரு காயை எடுத்து மணியின் மேல் வைத்துப் பார்த்தேன். காய் எது, வெளிச்சம் எது என்று தெரியவில்லை. அப்படிப் பொருந்திவிட்டது.

"இன்னும் கொஞ்சம் மிச்சங் கெடக்கு பாய். வண்டிக்குள்ள மேல இருக்க ரூம் லைட்டுக்கும் இதையே போட்டுரவா? அது மட்டும் வெள்ளையா எரிஞ்சா நல்லா இருக்காது."

"போடு."

போட்டுவிட்டுத் தள்ளி நின்று பார்த்தான். "மினி பஸ்சு கணக்கா இருக்கு பாய். பாட்டுப் பொட்டி ஒன்னுதான் கொற."

சிரித்தவன் சிரிக்கட்டும் என்று மலைக்கு ஓட்டிப் போனேன். பூப்பாறை வரை அந்தப் பச்சைக்குப் பேர் வந்துவிட்டது. வளைவில் வண்டி திரும்பும்போதே கண்ணாடிக்குள் பச்சை தெரியும். தோட்டக்காரர்கள் டீக்கடையிலிருந்து எழுந்து சாம்பிள் பையோடு ரோட்டுக்கு வருவார்கள். என் வண்டியை நிறுத்த யாரும் கை காட்ட வேண்டியதில்லை.

ஒரு நாள் சாயங்காலம், மெட்டுக்கு அந்தப் பக்கம், மழை. மேகம் இறங்கி ரோட்டை மூடிவிட்டது. பல வருஷமாக எனக்குக் காய் கொடுக்கிற ஒரு சின்னத் தோட்டக்காரர் குடையும் சாம்பிள் பையுமாக ஓடிவந்து முன் சீட்டில் ஏறினார்.

"கை ஈரமா இருக்கு பாய், நீங்களே பிரிங்க."

வழக்கமாக நான் வெயிலுக்கு முதுகு காட்டி நின்றுதான் காய் பார்ப்பேன். அன்றைக்கு வெயிலுக்கு எங்கே போவது? ரூம் லைட்டைப் போட்டு, வண்டியில் எப்போதும் கிடக்கிற தட்டில் கொட்டினேன். ஒரு மணி நேரமாக அந்த வெளிச்சத்திலேயே ஓட்டி வந்தவனுக்கு அது வெளிச்சமாகத் தெரியுமே ஒழிய நிறமாகத் தெரியாது. காய் ஒன்றுபோல் பச்சை. பருமன் சரி. கடித்துப் பார்த்தேன், எண்ணெய் சரி. "முடிச்சுக்கிருவோம்" என்றேன். நான் அப்படிச் சொல்லிவிட்டால் சாக்கு கடைக்கு வந்து சேர்ந்த மாதிரி.

மறுநாள் சாக்கு வந்தது. முற்றத்து வெயிலில் கொட்டினார்கள். வாசம் இருந்தது, எண்ணெய் இருந்தது, நிறம் இல்லை. வைக்கோல் மாதிரி வெளுத்த காய். தூசி ஆய்கிற பெண்களில் ஒருத்தி அடுத்தவளிடம் சொன்னாள்: "மொதலாளிக்கு வெள்ளெழுத்து வந்திருச்சு போலடி." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

தோட்டக்காரரை நான் குறை சொல்லவில்லை. "நான் ஒளிக்கலையே பாய், ஒங்க தட்டுல நீங்கதான கொட்டுனீக" என்றார். உண்மைதான். சொன்ன விலையைக் கொடுத்து அனுப்பினேன்.

மகன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் பதிலுக்கு நானும் போட்டிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். அவன் செய்தது வேறு. மறுநாளிலிருந்து சாம்பிள் பைகள் என் மேசைக்கு வராமல் அவன் மேசைக்குப் போயின. பக்கத்து அறையிலிருந்து போனில் பேசுவது கேட்டது: "அத்தாவுக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்லண்ணே. சாம்பிள எங்கையில குடுத்துருங்க."

தேனிக்குப் போய்க் கண் டாக்டரிடம் காட்டினேன். வயசுக்கு நல்ல கண் என்றார். அதை வந்து சொன்னேன். "நல்லதுத்தா" என்றான், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

என் கண் தப்பு செய்யவில்லை, விளக்குதான் செய்தது என்று எத்தனை தரம் சொல்வது? ஒரு சாயங்காலம் காரைக் கடைக்குப் பின்னால் நிறுத்திவிட்டு அவனைக் கூப்பிட்டேன்.

"சோலி கெடக்குத்தா."

"வெரசா விட்டுர்றேன். வந்து உக்காரு."

வந்தான். கதவைச் சாத்தினேன். கண் பழகட்டும் என்று வீட்டுப் பேச்சு கொஞ்சம் பேசினேன். பிறகு இரண்டு பொட்டலங்களைப் பிரித்து அவன் இரண்டு உள்ளங்கையிலும் கொட்டினேன். ஒன்று எங்கள் கடையிலேயே முதல் தரக் காய், இன்னொன்று அந்தச் சாக்குக் காய்.

"எது நல்ல காய்னு சொல்லு."

குனிந்து பார்த்தான். மீட்டர் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தான். விரலால் உருட்டினான். வலது கையில் இருந்ததைப் பொட்டலத்தில் திரும்பப் போட்டுவிட்டுப் போனை எடுத்தான்.

"டார்ச்ச அடிக்காத. அன்னைக்கு எங்கிட்ட டார்ச்சு இல்ல."

"இருந்துச்சேத்தா. ஒங்க போன்லயும் இருக்கு."

ஆனாலும் போனை வைத்துவிட்டு, பொட்டலத்தில் போட்டதையும் கொட்டி மறுபடி பார்த்தான். வெளியே லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது, லோடு ஏற்ற.

"தெரியலத்தா" என்றான்.

இந்த ஒரு சொல்லுக்காக எத்தனை நாள் காத்திருந்தேன். "பாத்தியா" என்றேன். நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது என்றே நினைத்தேன்.

"ஆமா, வெளக்குதான். நீங்க சொன்னது செரிதான்." காயைப் பொட்டலத்தில் கட்டி என் மடியில் வைத்தான். "ஆனா தெரியலன்னா நான் வாங்கிருக்க மாட்டேன். காலைல கடைக்குக் கொண்டாங்கன்னு சொல்லிருப்பேன்."

கதவைத் திறந்து லாரிக்குப் போய்விட்டான்.

அவனால் சொல்ல முடியும். காலையில் கொண்டா என்று சொல்ல அவனுக்குக் கடை இருக்கிறது, பேர் இருக்கிறது. நான் வாங்கத் தொடங்கியபோது காலையில் கொண்டா என்றால் அந்தக் காய் காலையில் வேறொருவன் முற்றத்தில் காயும். தெரியவில்லை என்ற வார்த்தை என் வாயில் இருந்திருந்தால் அவன் உட்காருகிற நாற்காலியே இருந்திருக்காது. இதை அவனிடம் சொல்லவில்லை. சொன்னாலும் "நல்லதுத்தா" என்பான்.

நடந்ததைக் கேள்விப்பட்டு எலக்ட்ரீசியன் கடைக்கே வந்தான். "ரூம் லைட்ட மட்டுமாச்சும் வெள்ளையாக்கித் தந்துர்றேன் பாய். காசு வேணாம்."

"அந்த வெளிச்சத்துல இனிமே யாரு காய் பாக்கப் போறா? கெடக்கட்டும்."

இப்போதும் மலைக்குப் போகிறேன். போகாமல் வீட்டில் உட்கார எனக்குத் தெரியாது. போன வாரம் மெட்டு தாண்டி, லேசான தூறல். ஒருவர் ரோட்டோரம் பையை மழைக்கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு நின்றார். பச்சையைப் பார்த்ததும் முகம் மலர்ந்து ஓடிவந்தார். நான் கண்ணாடியை இறக்கித் தட்டைக் கையில் எடுத்தேன். அவர் குனிந்து என்னையும் பார்த்தார், பக்கத்துக் காலி சீட்டையும் பார்த்தார்.

"தம்பி வரலையா பாய்?"

"இல்ல."

"சும்மாதான் கேட்டேன். நல்லா இருக்கீகளா?" பை கோட்டுக்குள் இன்னும் கொஞ்சம் உள்ளே போனது.

தட்டைப் பின் சீட்டில் போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். மணி துல்லியமாகத் தெரிந்தது. விளக்கு வேலை நல்ல வேலை, அதில் குறை சொல்ல முடியாது.