விபத்துப் புத்தகத்தில் என் பெயர்

ஈர ஜாக்கெட்டும் இயந்திர எண்ணெயும் கலந்த ஒரு மணம்... நோர்வேயில், ரொம்சோஸிலிருந்து பள்ளத்துக்கு இறங்கினால் அந்தத் தகரத் தொழிற்சாலையில் எங்களை வரவேற்பது அதுதான். எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாது. சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனால் முதலில் எண்ணெய்தான் மணக்கும்.

இரண்டாயிரங்களின் தொடக்கம். வாளியும் தொட்டியும் மூடியும் செய்கிற இடம். நான் அங்கே தற்காலிக வேலைக்காரன், தகரத்தை அழுத்தி வளைக்கும் இயந்திரத்தில்.

என்னோடு ஒரே அறையில் இருந்தவன் சிவம். சிவகுமாரன். அகதி வழக்கு முடியாததால் வேலை அனுமதி இல்லை. பகல் முழுக்க ஜன்னலோரம் இருந்து கரம் விளையாடுவான். அவன் சுண்டினால் காய் சொன்ன குழிக்குள் போகும். ரொம்சோஸில் அவனை வென்ற ஆள் கிடையாது.

அந்த மாதம் அக்காவின் மகள் பெரியபிள்ளையாகி, சாமத்திய வீடு வந்தது. எல்லிங்ஸ்ருட்டில் மண்டபம் எடுத்திருந்தார்கள். சனிக்கிழமை. அதே சனிக்கிழமை நான் மேலதிக வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். கொடுத்துவிட்டு வராவிட்டால் அடுத்த மாதப் பட்டியலில் நம் பெயர் இருக்காது.

"ராஜன், நீ தாய்மாமன். நீ வராமல் ஆர் தேங்காய் உடைக்கிறது? ஆர் பிள்ளைக்குத் தண்ணி வார்க்கிறது?" அக்கா போனிலேயே அழுதுவிட்டாள்.

மாமன் இல்லாமல் சடங்கு நடக்காது என்பதை நோர்வேக்கார மேற்பார்வையாளருக்கு எப்படிப் புரியவைப்பது? நான் முயன்றுகூடப் பார்க்கவில்லை. எனக்குப் பதிலாக வேலைக்குப் போகச் சொல்லிச் சிவத்தைத்தான் கேட்டேன்.

"ஒரு நாள்தானேடா. சனிக்கிழமை மேற்பார்வைக்கு வாறவன் வேற ஆள், என்ரை முகம் அவனுக்குத் தெரியாது. கார்ட்டை மட்டும்தான் பாப்பான்."

அவனுக்குப் பயம். பிடிபட்டால் வழக்கு அதோடு சரி.

"உங்களுக்காகப் போறன் அண்ணை" என்றான்.

வேலை அட்டையில் இருந்த என் படம் தபால் முத்திரை அளவு. மீசை தெரியும், வேறொன்றும் தெரியாது. அவனுக்கும் மீசை இருந்தது.

அவனுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். எந்த லாச்சியில் எந்தக் கையுறை, கோப்பிக்கு எப்போது போவது... ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அந்த இயந்திரம் சில வேளை தானாக இரண்டாவது தடவையும் இறங்கும். முதல் அடி முடிந்ததும் கையை நீட்டக்கூடாது, மூன்று வரை எண்ண வேண்டும். எனக்கு அது ஊறிப்போன பழக்கம். அதனால் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

மண்டபத்தில் நான் வேட்டியும் சால்வையுமாக நின்றேன். தேங்காய் ஒரே அடியில் இரண்டாகியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

சாப்பாடு போடும் நேரம் யாரோ வந்து என்னை வாசலுக்குக் கூப்பிட்டார்கள். சிவம் நின்றான். வலது கையில் தொழிற்சாலைத் துவாய் சுற்றியிருந்தது. பனிமேல் சொட்டுச் சொட்டாக இரத்தம். மேற்பார்வையாளர் அம்புலன்ஸுக்குப் போன் அடிக்கப் போன இடைவெளியில் ஓடிவந்து டாக்ஸி பிடித்திருக்கிறான்.

அவன் முதலில் நீட்டியது என் அட்டையை.

"கார்ட்டைப் பத்திரமாக் கொண்டந்திட்டன் அண்ணை."

இரண்டு விரல்கள். வைத்தியரிடம் தன் சொந்தப் பெயரைச் சொல்லி, வீட்டில் விறகு பிளந்தேன் என்றான். நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். எங்கள் வழக்கமான மேற்பார்வையாளர் விபத்துப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார். அதைப் பார்த்தார், என் இரண்டு கைகளையும் பார்த்தார்.

"சீக்கிரம் சுகமாகிவிட்டதே" என்றார்.

புத்தகத்தை மூடி மேசை லாச்சிக்குள் வைத்தார். விசாரணை வந்தால் அவருக்கும் வேலை போயிருக்கும். அதன்பிறகு அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. எவ்வளவு வசதியாக இருந்தது என்று நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

சிவத்தின் வழக்கு அடுத்த வருடம் தோற்றது. இங்கிலாந்துக்குப் போய், பழைய ஆலைகள் நிறைந்த ஒரு நகரத்தில் கல்யாணம் முடித்துத் தங்கிவிட்டான். போகும்வரை கரம் பலகை பக்கம் வரவே இல்லை.

போன ஞாயிறு அந்தத் தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். இப்போது அது அடுக்குமாடி வீடுகள். கீழ்த்தளத்தில் ஊர் வரலாற்றுச் சங்கத்தின் கண்காட்சி. நாங்கள் ரயிலில் இறங்கும் ரொம்சோஸ், எல்லிங்ஸ்ருட், மோர்டென்ஸ்ருட் எல்லாம் ஒரு காலத்தில் வெறும் பண்ணைகளாம். குதிரை, வைக்கோல், பிறகு புகைபோக்கி என்று வரிசையாகப் படங்கள். எங்கள் ஆட்களின் படம் ஒன்றுகூட இல்லை.

கடைசி மேசையில், கண்ணாடிக்குள், விரித்த பக்கத்தோடு அந்தப் புத்தகம்.

'ராஜன். வலது கை, இரண்டு விரல்கள். 11.20.'

சாமத்திய வீட்டு வீடியோ என்னிடம் இன்னும் இருக்கிறது. மூலையில் நேரம் ஓடும். 11.20க்கு நான் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு கமெராவைப் பார்த்துச் சிரிக்கிறேன்.

"நீங்கள் இங்கே வேலை செய்தவரா?" என்று சங்கத்துப் பெண்மணி ஆசையாகக் கேட்டார்.

"இல்லை" என்றேன். கைகள் இரண்டும் ஜாக்கெட் பொக்கற்றுக்குள் இருந்தன.

வீட்டுக்கு வந்து சிவத்துக்குப் போன் அடித்தேன். எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"எனக்கு என்னத்துக்கு அண்ணை சொல்லுறியள்? எனக்குத் தெரியும்தானே. அங்கை போய்ச் சொல்லுங்கோ."

வைத்துவிட்டான்.

இப்போது அந்த எண்ணெய் மணம் கைகளில் இல்லை. அந்த வாசலில் பூச்செடி வைத்திருக்கிறார்கள், பிள்ளைகள் சைக்கிள் ஓடுகிறார்கள். கண்காட்சி இந்தச் சனிக்கிழமை வரைக்கும் இருக்கிறதாம்.

அந்தச் சனிக்கிழமை அவனை அனுப்பினேன். இந்தச் சனிக்கிழமை நானே போகிறேன்.