வஸ்க் என்றொரு சொல்

எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில், ஒரு காந்தத் துண்டின் கீழ், சிறிய அட்டை ஒன்று இருக்கிறது. விளையாட்டுச் சீட்டின் அளவுதான். அதில் பச்சை மையில், என் கையெழுத்தில், நான்கு ஆங்கில எழுத்துகள்: வி, ஏ, எஸ், கே. ஒவ்வோர் எழுத்தின் கீழும் ஒரு புள்ளி. சேர்த்து வாசித்தால் வஸ்க். வீட்டுக்கு வருகிறவர்கள் பால் எடுக்கப் போகும்போது அதைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்பார்கள். ஒன்றுமில்லை என்பேன். அது பொய்யுமில்லை. அப்படி ஒரு சொல் ஆங்கிலத்தில் கிடையாது. வேறு எந்த மொழியிலாவது இருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. பழைய பெட்டி பழுதாகி, அதை எடுத்துப்போக ஆட்கள் வந்தபோது அட்டையும் கதவோடு போகப் பார்த்தது. படியால் ஓடி இறங்கி வாசலில் வைத்து அதைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். அவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

அந்த அட்டையை எழுதிய காலத்தில் நான் லண்டனில், குட்மேய்ஸ் பகுதியில், ஒரு தொடக்கப் பள்ளியில் வகுப்பறை உதவியாளராக இருந்தேன். தூரிகை கழுவுவது, மூக்குத் துடைப்பது, தனித்துப்போன கையுறைக்குச் சோடி தேடுவது எல்லாம் என் வேலை. எனக்கென்று ஒரு வகுப்பு வேண்டும் என்ற ஆசை மட்டும் உள்ளுக்குள் இருந்துகொண்டே இருந்தது. அதற்கு ஆசிரியர் தகுதி எடுக்கவேண்டும். பயிற்சியில் மற்றப் பகுதிகளையெல்லாம் எப்படியோ கடந்துவிட்டேன். தொடக்க வாசிப்பில் போய் மாட்டிக்கொண்டேன். எழுத்துகளின் ஒலிகளைச் சொல்லிக்கொடுத்து, அவற்றைக் கோத்துப் பிள்ளை தானாகவே சொல்லை வாசிக்க வைக்கவேண்டும். ஃபொனிக்ஸ் என்பார்கள். பரீட்சையாளர் முன்னிலையில் ஒரு பிள்ளைக்குப் படிப்பித்துக் காட்டி, பிறகு அவருடைய கேள்விகளுக்கும் பதில் சொல்லவேண்டும். முதல்முறை நான் தவறிவிட்டேன்.

அந்தப் பரீட்சையாளர் மரியாதையான பெண்மணி. ‘பிள்ளை புத்தகத்தைப் பார்க்கவில்லை, உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்’ என்று மட்டும் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. ஆசிரியரைப் பார்க்காமல் பிள்ளை வேறு யாரைப் பார்ப்பது என்று மனதுக்குள் கோபம்தான் வந்தது. இரண்டாம் முறையும் தவறினால் பயிற்சியை முதலிலிருந்து தொடங்கவேண்டும். எனக்கு அதற்கு மனத்தெம்பு இல்லை. இன்னொரு தரம் தோற்றால் கையுறைகளோடேயே காலத்தைக் கழித்துவிடுவது என்று கணவரிடம் சொல்லியும்விட்டேன்.

அப்போதுதான் மச்சாள் தானாக முன்வந்தார். மச்சாள் என்றால் என் கணவரின் அக்கா. அந்த நாட்களில் எங்களோடு மேல்மாடி அறையில் இருந்தார். பக்கத்துத் தெருவில் ஒரு தமிழ்க் கடையின் சமையலறையில் பற்றிஸ், ரோல்ஸ் என்று பலகாரங்கள் செய்கிற வேலை. தமிழ்ப் பத்திரிகை கையில் கிடைத்தால் மரண அறிவித்தல் உட்பட ஓர் எழுத்து விடாமல் வாசிப்பார். ஆங்கிலம் மட்டும் வாசிக்கமாட்டார். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பள்ளிக்கூடம் பாதியில் நின்றவர். இங்கே வந்தபிறகு வேலையும் பிள்ளையும் என்று வருடங்கள் ஓடிவிட்டன. ஆனால் அதனால் அவர் எங்கேயும் தடுமாறி நான் கண்டதில்லை. பாலை மூடியின் நிறத்தில் கண்டுபிடிப்பார். பஸ்ஸை இலக்கத்தில் பிடிப்பார். வெம்பிளிக்குப் போகவேண்டுமென்றால் எத்தனையாவது நிறுத்தத்தில் இறங்கவேண்டும், எந்தப் படியால் ஏறினால் எந்தக் கடை வரும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். லண்டன் முழுவதையும் அவர் மனப்பாடமாக்கி வைத்திருந்தார்.

“உமக்குப் படிப்பிச்சுப் பழக ஒரு ஆள்தானே வேணும்,” என்றார் ஒருநாள், ஏப்ரனில் மாவைத் தட்டிக்கொண்டே. “நான் இருக்கிறன். எனக்கும் கடிதங்களைத் தம்பியிட்டக் குடுத்துக் குடுத்து அலுத்துப்போச்சு.”

அன்றிலிருந்து மாலைத் தேநீருக்குப் பிறகு எங்கள் சமையலறை மேசை வகுப்பறையாகியது. பள்ளிக்கூடத்துக் குழந்தைகளுக்கு எழுதுவதைப் போல அட்டைகள் எழுதினேன். பூனை, பாய், தொப்பி, கோப்பை என்று சின்னச் சின்ன ஆங்கிலச் சொற்கள். மச்சாள் கெட்டிக்கார மாணவி. நேற்றுக் காட்டிய அட்டையை இன்று நீட்டினால் கண் இமைக்கும் முன்னே சொல்லிவிடுவார். சில கிழமைகளில் ஒரு கட்டு முடிந்து இரண்டாம் கட்டு வந்தது. எனக்குத் தலைகால் தெரியவில்லை. இவ்வளவு வயதில் ஒருவரை இவ்வளவு கெதியாக வாசிக்கவைத்திருக்கிறேன் என்றால் அந்தப் பெண்மணி என்னில் என்ன குறை கண்டார் என்று கணவரிடம் கேட்டேன். அவர் வழக்கம்போல் தொலைக்காட்சியைப் பார்த்தபடி ஓம் என்றார்.

பரீட்சை நெருங்கிய நேரத்தில், பயிற்சியில் சொல்லித்தந்த இன்னொரு வேலையைச் செய்யத் தொடங்கினேன். இங்கே சின்னப் பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிக்கும்போது உண்மையான சொற்களோடு, அர்த்தமே இல்லாத, புனைந்த சொற்களையும் கலந்து கொடுப்பார்கள். அப்படிச் சில அட்டைகள் எழுதி மச்சாளிடம் நீட்டினேன். அவர் அட்டையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

“இது என்ன சொல்லு?”

“அப்பிடி ஒரு சொல்லு இல்லை மச்சாள். சும்மா எழுதினது. நீங்கள் ஒலியைச் சேர்த்து வாசியுங்கோ.”

“இல்லாத சொல்லை ஏன் பிள்ளை நான் வாசிக்கவேணும்? கடையில இல்லாத சாமானுக்கு ஆரும் விலை கேப்பினமே?”

நான் விடவில்லை. அவரும் அசையவில்லை. கடைசியில் கட்டு முழுவதையும் என் பக்கம் தள்ளிவிட்டு உண்மையைச் சொன்னார். பூனை அட்டையில் ஒரு மூலை மடிந்திருந்தது. தொப்பியில் தேநீர்க்கறை. மற்றவற்றுக்கு என் முகம். “நீர் அட்டையை நீட்டேக்கையே உம்மட வாய் தொடங்கிவிடும். அதைப் பாத்தாலே காணும். நான் பிழைவிட்டா நீர் கவலைப்படுவீர், பரீட்சையும் வருகுது. அதுதான் பாடமாக்கினனான்.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இருந்தேன். உண்மையில் இரண்டும் வந்தது. பரீட்சையாளர் சொன்னதன் அர்த்தம் அந்த மேசையில் வைத்துத்தான் விளங்கியது. இப்படி வாயசைத்து எடுத்துக்கொடுப்பது எங்கள் ஆட்களின் பழக்கம். வெம்பிளியிலோ நோர்பரியிலோ ஒரு மண்டபத்தில் தமிழ்ப் பேச்சுப்போட்டி நடந்தால் போய்ப் பாருங்கள். மேடையில் பிள்ளை, முன்வரிசையில் தாய். இரண்டு வாயும் ஒன்றாகவே அசையும். பிள்ளை ஓர் இடத்தில் தடக்கி நிற்பதை எங்களால் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது. அடுத்த எழுத்து எங்கள் உதட்டில் வந்து நின்றுவிடும். அன்பால் வருகிற பழக்கம்தான். ஆனால் அந்த அன்பு உள்ளவரை பிள்ளை புத்தகத்தைப் பார்க்கப்போவதில்லை.

வைத்தியத்தையும் மச்சாளே சொன்னார். நான் என் வாயை அடக்குவேன் என்று அவர் நம்பவில்லை. பெரிய கோப்பை நிறையத் தேநீர் ஊற்றி என் கையில் தந்தார். “நான் வாசிச்சு முடியுமட்டும் கோப்பையை வாயில இருந்து எடுக்கக்கூடாது,” என்றார். அப்படித்தான் எங்கள் இரண்டாவது தொடக்கம் நடந்தது. அவர் எழுத்துகளோடு மல்லுக்கட்டுவார். நான் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருப்பேன். அந்த மௌனம் எனக்குப் பெரிய தண்டனை. கெட்டிக்கார மாணவி காணாமல்போய், ஒவ்வோர் ஒலியாகத் தடவிக்கொண்டு போகிற ஒருவர் எதிரே இருந்தார். ஒலிகள் ஒரு சொல்லாகச் சேரவேயில்லை; எல்லாம் பாழாகிவிட்டதோ என்று பயந்தேன்.

பரீட்சைக்கு முதல்நாள் பின்னேரம் பச்சை மையில் இந்த அட்டையை எழுதினேன். புதிய அட்டை, மடிந்த மூலையில்லை, கறையில்லை. மச்சாள் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். முதல் புள்ளியில் விரலை வைத்தார், அடுத்ததில் வைத்தார், திரும்ப முதலுக்குப் போனார். கோப்பை ஆறிப்போயிருந்தது. நான் அதை வாயிலிருந்து எடுக்கவில்லை. அவர் ஒருமுறைகூட நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. பிறகு மெதுவாக, ஏதோ பிழை செய்கிறவரைப் போல, “வஸ்க்” என்றார். நான் தலையாட்டினேன். “வஸ்க்,” என்றார் மறுபடியும், இந்தமுறை பலமாக. “இதை எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை.” அத்தனை வருட லண்டன் வாழ்க்கையில் ஆங்கில எழுத்தில் அவர் தானாக வாசித்த முதல் சொல் அதுதான். நான் எழுந்து அட்டையைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் வைத்தேன்.

மறுநாள் பரீட்சையில் அதே பெண்மணிதான் இருந்தார், கோப்பை இல்லை. ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி ஒரு சொல்லில் தடக்கி நின்று என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு, புத்தகத்தைப் பார்த்தேன். அவளும் வேறு வழியில்லாமல் புத்தகத்தைப் பார்த்தாள். அறைக்குள் வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லாதது போலிருந்தது. சில நொடிகள்தான் இருக்கும். பிறகு வாசித்தாள். பிள்ளை வாசிக்கிறாளா, நினைவிலிருந்து சொல்கிறாளா என்று எப்படி அறிவீர்கள் என்று பின்னர் அந்தப் பெண்மணி கேட்டார். என் வீட்டில் ஒரு மாணவி இருக்கிறார் என்று தொடங்கி, மடிந்த மூலையையும் தேநீர்க்கறையையும் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் சித்தியடைந்தேன்.

இப்போது எனக்கென்று ஒரு வகுப்பு இருக்கிறது. மேசையில் எப்போதும் ஒரு பெரிய கோப்பை இருக்கும். எங்கள் ஆசிரியைக்குத் தேநீர் என்றால் உயிர் என்று பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்கிறார்கள். மச்சாள் மகளோடு நோர்பரியில் இருக்கிறார். ரயில் மாறி மாறித் தனியாகவே எங்களிடம் வருவார், வழியில் வாசித்ததையெல்லாம் வந்து ஒப்புவிப்பார். முன்பு எண்ணிக் கடந்த நிறுத்தங்களுக்கெல்லாம் இப்போது பெயர் வந்திருக்கிறது. அவர் கடிதங்களை அவரே உடைக்கிறார். விளங்காத சொல் வந்தால் தொலைபேசியில் கூப்பிட்டு, “பிள்ளை, இண்டைக்கு ஒரு வஸ்க் வந்திருக்கு,” என்று சொல்லித்தான் வாசித்துக் காட்டுவார். அர்த்தம் பிறகுதான் கேட்பார்.

போன சனிக்கிழமையும் வந்திருந்தார். நான் தேநீர் ஊற்ற, பால் எடுக்கப் போனவர் கதவைத் திறக்காமல் அட்டையின் முன்னால் நின்றுவிட்டார். பச்சை மை வெளிறிப்போய்விட்டது. அவர் விரலை வைக்கவில்லை, கண்ணாடியையும் போடவில்லை.

“வஸ்க்,” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்தார். “உது இப்ப எனக்குப் பாடம் பிள்ளை. வேற ஒண்டு எழுதித் தாரும்.”

நான் மேசை லாச்சியைத் திறந்து வெற்று அட்டையொன்று எடுத்தேன். இல்லாத ஒரு சொல்லை யோசித்து எழுதி அவர் முன்னால் வைத்தேன். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, முதல் புள்ளியில் விரலை வைத்தார். நான் கோப்பையை வாயில் வைத்துக்கொண்டேன்.