சட்டைப்பையில் ஒரு பொம்மை

சோலூலா ஊரில் எர்மீனியோவைப் போல ஊர் ஊராகச் சாப்பிட்டவன் கிடையாது. வீட்டுச் சோற்றை அவனைப் போல மறந்தவனும் கிடையாது. வயது ஐம்பத்தெட்டு. பத்தொன்பது வருஷமாக வெளிநாட்டுப் பயணிகளை வேனில் ஏற்றிக்கொண்டு மெக்சிகோ சிட்டி, புவேப்லா, வஹாக்கா என்று சுற்றுகிறான். எந்தச் சந்தில் எந்த அம்மாள் சுடும் சோள அடை ருசி என்பதெல்லாம் அத்துப்படி. முதுகுதான் இப்போதெல்லாம் அவன் பேச்சைக் கேட்பதில்லை.

ஜனவரி ஆறு, மூன்று ராஜாக்கள் திருநாள். மாலையில் வீட்டில் வளைய ரொட்டி வெட்டினார்கள். உள்ளே ஒளிந்திருக்கும் குழந்தை ஏசு பொம்மை யார் துண்டில் வருகிறதோ, அவர் பிப்ரவரி இரண்டாம் தேதி எல்லோருக்கும் தமால் செய்து போட வேண்டும். சோளமாவைக் கொழுப்போடு அடித்து, சோளமட்டையில் பொதிந்து, ஆவியில் வேகவைத்து எடுப்பதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும்.

எர்மீனியோவின் பல்லில் நறுக்கென்று ஏதோ பட்டது. இருமுவதுபோல் வாயைப் பொத்திப் பொம்மையைச் சட்டைப்பைக்குள் தள்ளிவிட்டான். சாமி குற்றம் என்று தெரியாமல் இல்லை. ஆனால் அலுப்பு பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"என்னக்கா, இந்த வருஷமும் யாருக்கும் வரலையா?" என்றாள் கொழுந்தியாள் ரெமேதியோஸ். "அந்த ரொட்டிக்கடைக்காரன் பொம்மையிலகூடவா கஞ்சத்தனம் பண்றான்?"

"விடுடி. எனக்கு வந்ததா வெச்சுக்கோ" என்றாள் அவன் மனைவி கசில்தா. வருஷா வருஷம் அவள் சொல்வதுதான்.

ஜனவரி கடைசி நாள். வஹாக்கா சந்தையில் ஏழு பயணிகளுக்குச் சுடச்சுடச் சாக்லேட் வாங்கிக் கொடுத்துவிட்டு, ரொட்டிப் பொம்மைக் கதையை அளந்துகொண்டிருந்தான். ஆயிரம் தடவை சொன்ன கதை, தூக்கத்திலும் சொல்வான்.

"பொம்மையை யாராவது ஒளிச்சு வெச்சுட்டா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"அப்படியும் மானங்கெட்ட ஜென்மங்க இருக்கும்மா!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தபடி தன்னையறியாமல் சட்டைப்பையைத் தொட்டான். ரொட்டி வெட்டிய அன்றைக்குப் போட்டிருந்த அதே சட்டை, துவைத்துத் தேய்த்து மடிப்புக் கலையாமல் இருந்தது. பை காலி.

வீட்டில் துணி துவைப்பது யார் என்று யோசிக்க வேண்டியதே இல்லை. அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. போன வருஷத்துப் பொம்மையை எங்கே போட்டோம் என்று யோசித்துப் பார்த்தான். அதற்கு முந்தியது? எதுவுமே நினைவில் இல்லை.

மறுநாள் இன்னொரு ஓட்டுநரிடம் முதுகைக் காரணம் காட்டி வேன் சாவியைக் கொடுத்தான். இத்தனை வருஷத்தில் பாதிப் பயணத்தில் இறங்கியது அதுதான் முதல் முறை. பஸ் பிடித்து, இரண்டாம் தேதி காலை வீடு வந்து சேர்ந்தபோது கசில்தா தனியாக மாவு அடித்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரை மாவு.

"என்ன கிழவா, வழி தப்பி வந்துட்டியா?"

"அந்தப் பொம்மை எனக்குத்தான் வந்துச்சு, கசில்தா."

அவள் நிமிரவில்லை. "அலமாரில தையல் டப்பா இருக்கு பாரு."

திறந்தான். நூல்கண்டுகளுக்கு நடுவே ஆறு பொம்மைகள். எல்லாம் சோப்பில் வெளுத்துப்போயிருந்தன.

"ஒவ்வொரு வருஷமும் நீயா சொல்லுவேன்னு பார்த்தேன்" என்றாள். "தமாலுக்காக இல்ல. அந்த ஒரு நாளாவது நீ வீட்டுல இருப்பேன்னு."

"ஒளிச்சது எதுக்குன்னா, ரோட்டுல அலைஞ்சு அலைஞ்சு..." என்று தொடங்கினான்.

"உன் கதையெல்லாம் ஊருக்குச் சொல்லு. கையைக் கழுவிட்டு வந்து மாவை அடி."

அடித்தான். அரைமணி கழித்து ஒரு சிட்டிகை மாவைத் தண்ணீர்க் குவளையில் போட்டுப் பார்த்தாள். மிதந்தால்தான் பதம்.

"முங்குது" என்றாள். "இன்னும் அடி. ஆறு வருஷ பாக்கி இருக்கு."