பொழுதுபடுமுன் வந்த மனிதர்

ஈரத் துணியும் சவர்க்காரமும் கலந்த அந்த நிலவறை வாசனை எங்கேயாவது அடித்தால் இன்றைக்கும் அந்த இடத்திலேயே நின்றுவிடுவேன். சூரிச்சில் நாங்கள் இருந்த பழைய கட்டடத்தின் அடியில், எல்லா வீடுகளுக்கும் பொதுவாக இருந்த துணி தோய்க்கும் அறையை அப்பா "வாஷ்கூக்கி" என்பார். எங்கள் முறை முடிவதற்கு முன்பே போய் இயந்திரத்துக்குக் காவல் நிற்பார். கட்டடம் பார்க்கிறவரைக் கண்டாலும் பயம், தபாலைக் கண்டாலும் பயம். யாராவது முறைப்பாடு செய்தால் "எங்கட வதிவிடப் பெர்மிட்டில கை வைச்சிடுவாங்கள்" என்று சுவரைக் கண்டால்கூடப் பயம்!

மேல்மாடியில் என் வகுப்புத் தோழி லேயாவின் வீடு, யூதக் குடும்பம். அவளுடைய அப்பா படியிறங்கினால் கைப்பிடி அதிரும். எவருக்கும் அஞ்சாத ஆள். ஒரு கோடையில் என் அப்பா வேலையால் வரப் பிந்திவிட, இயந்திரத்துக்குள் கிடந்த எங்கள் துணிகளை லேயாவின் அப்பா அள்ளிச் சீமெந்துத் தரையில் போட்டுவிட்டு, அப்போதுதான் ஓடிவந்த அப்பாவைப் பார்த்து "உங்கள் ஆட்களுக்கு ஒழுங்கென்றால் என்னவென்றே தெரியாது" என்று கத்தினார். அம்மாவின் சேலை அவருடைய காலடியில் கிடந்தது. அப்பா குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார், இரவு சாப்பிடவில்லை.

இலையுதிர்காலம் வந்ததும் மேல்மாடியில் சத்தம் குறைந்தது. பாவமன்னிப்புக்கான பெரிய விரத நாள் வருகிறதென்றும், கடவுள் அன்றைக்குத் தீர்ப்பு எழுதி முடிப்பாரென்றும் லேயா சொன்னாள். நாங்கள் சுவிஸ் ஜெர்மனில்தான் கதைப்போம், என் ஞாபகத்தில் அது எப்படியோ தமிழில் கேட்கிறது.

"எங்கட சாமி பிழை செய்தால் கண்ணைக் குத்தும். உங்கட ஆள் என்ன செய்வார்?"

அவள் சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "ஒண்டும் செய்யத் தேவையில்லை. பார்த்துக்கொண்டு இருக்கிறார்" என்றாள்.

அந்த நாளுக்கு முன்தினம், பொழுதுபடும் நேரத்தில் கதவுமணி அடித்தது. லேயாவின் அப்பா வெள்ளை அங்கியும் துணிச் சப்பாத்துமாக நின்றார், பின்னால் லேயா. செத்தால் அவருக்கு உடுத்துவதும் இதே அங்கிதான் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். அந்தப் பெரிய உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. அதைப் போலப் பயங்கரமான எதையும் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"கோடையில் உங்களை அவமதித்தேன். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறேன்."

வீட்டில் மொழிபெயர்ப்பு என் வேலை. சொன்னேன். அப்பா பதறிப்போனார். "ஐயோ, அவர் ஒண்டும் செய்யேல்லை எண்டு சொல்லு. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகச் சொல்லு." விரதம் தொடங்கப்போகிறவருக்குத் தேத்தண்ணி! எங்கள் ஆட்களின் மரியாதை அப்படித்தான், நொந்தவர்தான் முதலில் நோகவில்லை என்பார்.

அதை அவருக்குச் சொன்னேன். "இல்லை, செய்தேன்" என்றார் அவர். முகம் வெளிறிவிட்டது.

லேயா என் கையைப் பிடித்து இழுத்தாள். "பொழுதுபட முன்னம் உன்ர அப்பா மன்னிச்சிட்டன் எண்டு சொல்லாட்டி, கடவுளும் இதை மன்னிக்கமாட்டார். வெளிச்சம் போகுது!"

அப்பாவிடம் சொன்னேன்.

"நான் ஆர், பிள்ளை, மன்னிக்க? அது கடவுளின்ர வேலை."

"அவையின்ர கடவுள் இதை உங்களிட்ட விட்டிட்டாராம், அப்பா."

அப்பா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். பெர்மிட்டுக்குப் பயந்த முகமில்லை அது. இன்னும் பெரிய எதையோ பக்கத்தில் கண்டுவிட்டவர் போல அவருடைய உதடு காய்ந்துபோயிருந்தது. மெல்லச் சொன்னார்: "ஓம். அண்டைக்கு எனக்குச் சரியா நொந்தது. மனிசியின்ர சீலையை நிலத்தில போட்டவர்." பிறகு, "மன்னிச்சிட்டன்."

ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். லேயாவின் அப்பா கண்ணை மூடித் தலை குனிந்தார். படியிறங்கிப் போனபோது கைப்பிடி அதிரவில்லை.

இப்போது ஃப்ரிபூர்க் பல்கலைக்கழகத்தில் சமயங்களைப் பற்றிப் படிக்கிறேன். யூதர் சொல்லும் இறையச்சம் அடிவிழும் என்ற பயமில்லை, ஒரு பேரிருப்பின் முன்னால் மனிதர் தம் உண்மையான அளவுக்குச் சுருங்குவது என்று வகுப்பில் ஆவேசமாக வாதாடுகிறேன். வாதாடும்போதெல்லாம் அந்தத் துணிச் சப்பாத்துகள்தான் கண்ணுக்குள் நிற்கின்றன.

அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். லேயா வீட்டார் வேறு நாட்டுக்குப் போய்விட்டார்கள். "இந்த நாட்டில எனக்கு நொந்தது எண்டு ஒருத்தருக்கு நான் சொன்னது அண்டைக்குத்தான்" என்று அப்பா எப்போதாவது சொல்வார். இப்போது ஊஸ்டர் என்ற ஊரில் எங்கள் வீட்டுக்குள்ளேயே துணி தோய்க்கும் இயந்திரம் இருக்கிறது. எங்கள் துணியை யாரும் தரையில் போடுவதில்லை. பொழுதுபடும் நேரத்தில் யாரும் வெள்ளை உடுத்தி நடுங்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்பதுமில்லை.