மச்சான்களைப் பார்த்து மகனை எடுத்தவர்

ஹாலிஸ் டிட்மோருக்கு ஃபுட்பால் சொல்லிக்கொடுக்கத் தெரியாது. பிடிக்காதவர்கள் கட்டிவிட்ட கதை இல்லை, அவரே சொல்வார். சிப்பாலா கல்லூரியில் வெகுகாலம் உதவிக் கோச்சாக இருந்த மனிதர். ஒருமுறை பலகையில் ஆட்டம் வரைந்து காட்டும்போது நம் பக்கத்தில் பன்னிரண்டு பேரை நிறுத்திவிட்டார். பதினொரு பேர்தான் ஆடலாம். பையன்கள் சிரித்ததும், "ஒருத்தன் கூட இருந்தா கெட்டாடா போச்சு?" என்று சொல்லிவிட்டுப் பலகையைச் சட்டைக் கையால் துடைத்தாராம்.

அவருக்குத் தெரிந்தது பையன்களைக் கண்டுபிடிப்பது. எங்கள் அலபாமாவில் முட்டை வடிவப் பந்தை இடுக்கிக்கொண்டு முட்டிமோதும் இந்த ஆட்டம் இருக்கிறதே, இதற்காகச் சனிக்கிழமையில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். வைத்தால் பாதிரியாரே வர மாட்டார். ஒவ்வொரு கல்லூரிக்கும் வருடா வருடம் புதுப் பையன்கள் வேண்டும். நல்லவன் என்று பெயர் எடுத்தவன் வீட்டு வாசலில் பெரிய கல்லூரிகளின் கார்கள் வரிசையாக நிற்கும். சிப்பாலா சின்னக் கல்லூரி. மற்றவர்கள் பார்க்காமல் விட்டவனைத்தான் ஹாலிஸ் பொறுக்க வேண்டும்.

அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். பதினேழு வயதுப் பையன் பாதி கட்டின வீடு, மீதியை அவன் சொந்தக்காரர்களிடம் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. அம்மாவின் மணிக்கட்டைப் பார்ப்பார். வாசலில் கிடக்கும் பூட்ஸைப் பார்ப்பார். முக்கியமாக மாமன்களைப் பார்ப்பார். கோடைக்காலத்தில் குடும்பங்கள் சர்ச் மைதானத்தில் கூடும் நாளில், வாழைப்பழப் புட்டிங் பாத்திரத்தை ஏந்திக்கொண்டு அழையாமலே வந்து நிற்பார்.

அப்படித்தான் என் மனைவி எர்லினின் ஸ்டால்வர்த் குடும்பம் கூடிய நாளில் எங்கள் வரிசையில் தட்டோடு நின்றார். என் மூத்த மச்சான் ஹாய்ட் கதவில் பக்கவாட்டில்தான் நுழைவான். அவன் தம்பிகளும் அப்படியே. அவன்தான் முதலில் கேட்டான்.

"நீங்க எந்தப் பக்கத்துச் சொந்தம்?"

"பன்னிக்கறி பக்கம்" என்றார் ஹாலிஸ்.

ஹாய்ட் சிரித்து அவர் தட்டில் இன்னொரு துண்டு வைத்தான். அவர் மெல்ல விசாரித்தார். "எந்த வயசுல இப்படி ஆனீங்க?"

"பள்ளிக்கூடம் முடியற வரைக்கும் நான் தொடப்பக்குச்சிதான். அப்புறம் ஒரே வருஷத்துல எங்கம்மா சமையலறைக் கதவ அகலப்படுத்தச் சொல்லிட்டாங்க."

மேப்பிள் மரத்தடியில் குழந்தைகளுக்கு ஐஸ் டீ ஊற்றிக்கொண்டிருந்த என் மகன் லைலை ஹாலிஸ் அப்போது திரும்பிப் பார்த்தார். நெட்டையாக, ஒல்லியாக, மூங்கில் கழி மாதிரி இருப்பான். பள்ளி அணியில் ஓரத்தில் நின்று ஆடினான். எந்தக் கல்லூரியும் அவனைத் தேடி வரவில்லை.

நான் காகித ஆலைக்கு மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். ஒன்பதாம் வகுப்போடு நிறுத்திவிட்டேன். லைலுக்குப் பாலம் என்றால் பைத்தியம். என்னோடு லாரியில் வரும்போது ஓடைப் பாலத்துக்கு முன்னால் என்னை நிறுத்தச் சொல்லிவிட்டு, இறங்கிப் போய் அடியில் குனிந்து பார்ப்பான். "பாதி லோடுதான்பா தாங்கும்" என்பான். அதைப் படிக்கக் கல்லூரிக்குப் போக வேண்டும். மரம் ஏற்றுகிறவன் வருமானத்தில் அது நடக்காது. ஃபுட்பால்காரர்கள் முழு ஸ்காலர்ஷிப் கொடுத்தால்தான் உண்டு.

இலை உதிரும் மாதத்தில் ஹாலிஸ் எங்கள் வீட்டுக்கு வந்தார். எர்லின் வெண்டைக்காய் வறுத்திருந்தாள். சாப்பிட்டுவிட்டுத் துணியால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "மிஸ் எர்லின், உங்க பையன் எங்களுக்கு வேணும். முழுப் படிப்பும் எங்க செலவு. இது என் வாக்கு." எர்லின் எழுந்து அடுப்படிக்குப் போய் வெகுநேரம் பாத்திரம் கழுவினாள்.

பையன்கள் கல்லூரியோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் நாள் பிப்ரவரியில் வரும். அதற்கு முன்னால் தலைமைக் கோச் ஒருமுறை வீட்டுக்கு வருவது வழக்கம். அவர் பெயர் கெய்ன்ஸ் விட்லோ. அவர் ஹாலிஸுக்கு நேர் எதிர். ஆட்டம் அவருக்கு உள்ளங்கையில் இருந்தது. யார் வீட்டுக்குப் போனாலும் கடிகாரத்தைப் பார்ப்பார். ஆதரவாளர்களின் காலை விருந்தில் ஒருதடவை, "பெட்ரோல் பங்க்ல நிக்கிற பதினொரு பேரக் குடுங்க, நான் ஜெயிச்சுக் காட்டறேன்" என்று சொன்னவர். எங்கள் ஊர் டயர் கடையில் அதை வைத்துப் பல காலம் சண்டை நடந்தது. ஆள் நல்லவனாக இருந்தால் கோச் எதற்கு என்று பாதிப் பேர், கோச் சரியில்லாவிட்டால் ஆள் எதற்கு என்று பாதிப் பேர். டயர் மாட்ட வந்தவன் காத்துக்கொண்டே இருப்பான்.

விட்லோ வந்த மாலையில் எர்லின் பட்டர் பீன்ஸும் சோள ரொட்டியும் பன்றித் தோள்கறியும் வைத்திருந்தாள். லைல் கழுத்துப் பட்டன் போட்டுக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தான். விட்லோ அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒல்லியாத்தான் இருக்கான்" என்றார் ஹாலிஸிடம்.

"மாமன்கள நீங்க பாக்கணும், கோச். அந்தச் சதையெல்லாம் இவனுக்கு வந்துகிட்டே இருக்கு."

விட்லோ தலையாட்டிவிட்டு எர்லினிடம் மரியாதைக்குக் கேட்டார். "பொறக்கும்போது பையன் எத்தன பவுண்டு இருந்தாம்மா?"

"அது எனக்கு எப்படித் தெரியும், கோச்? என் கைக்கு வரும்போதே நடந்துகிட்டிருந்தானே." அவள் கிண்ணத்தை நீட்டினாள். "இன்னும் கொஞ்சம் பீன்ஸ் போட்டுக்குங்க."

ஹாலிஸின் முள்கரண்டி பாதி வழியில் நின்றுவிட்டது.

"அப்போ அந்த மாமன்க?" என்றார் விட்லோ.

"என் அண்ணன் தம்பிங்க. லைலப் பெத்த அம்மா இவன் தவழும்போதே தவறிட்டாங்க. ரொம்பச் சின்ன உருவமாம். செருப்பே குழந்தைங்க வரிசையிலதான் வாங்குவாங்களாம், ராய்ஸ் சொல்லுவாரு."

ராய்ஸ் நான்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் லாரி இருக்கையில் மெத்தை போட்டு உட்கார்ந்துதான் ரோட்டைப் பார்க்கிறவன். லைலின் உயரம் என் அப்பாவுடையது, அவரும் சாகும்வரை ஒல்லி. இதையெல்லாம் மறைக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. பேசத் தெரிந்த நாளிலிருந்து அவன் எர்லினைத்தான் அம்மா என்று கூப்பிடுகிறான். வீட்டில் அது ஒரு விஷயமாகவே இல்லை.

லைல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காது சிவந்துவிட்டது. ஹாலிஸ் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோய் மென்று முழுங்கிவிட்டு, "அந்த பீன்ஸ இந்தப் பக்கம் தள்ளுங்க" என்றார்.

சாப்பிட்டு முடிந்து அவர்கள் வெளியே போனார்கள். என் லாரி அவர்கள் காரை மறித்துக்கொண்டு நின்றது. நகர்த்தலாம் என்று நான் ஏறி உட்கார்ந்தேன். அவர்கள் கார் பக்கத்தில் நின்று பேசியது ஜன்னல் வழியாகக் கேட்டது.

"நீ பையனப் பாக்கல, ஹாலிஸ். அவங்கப்பாவோட மச்சானப் பாத்து ஸ்காலர்ஷிப் குடுத்திருக்க."

"ஆமா கோச். தப்புதான்."

"இன்னும் கையெழுத்து ஆகல. நாளைக்கு ஃபோன் பண்ணி எடம் நெறஞ்சுபோச்சுன்னு சொல்லிடு."

"நான் சொல்ல மாட்டேன்."

"என்ன?"

"அந்தம்மா மேஜையில சாப்பிட்டுட்டுச் சொன்ன வாக்கு. அளந்தது நான். தப்பா அளந்ததுக்குப் பையன் ஏன் தண்டம் கட்டணும்?"

"உன் வாக்கு போய் எதிராளி நெஞ்சுல முட்டுமா? அவன் முட்டணும். காத்தடிச்சா விழுந்துருவான் போல இருக்கான்."

"முட்ட மாட்டான். அதுக்குத்தான் நீங்க இருக்கீங்க. பெட்ரோல் பங்க்ல நிக்கிறவன் போதும்னீங்களே. பதினொண்ணு வேணாம், ஒருத்தனக் குடுக்கறேன். ஆக்கிக் காட்டுங்க."

விட்லோ கழுத்தைச் சொறிந்தார். அப்படிப்பட்ட ஆளிடம் அப்படிப் பேசினால் இரண்டில் ஒன்று நடக்கும், அங்கேயே வேலை போகும், இல்லாவிட்டால் பந்தயம் வரும்.

"ரெண்டாவது சீசன் மொத ஆட்டத்துல இவன் களத்துல எறங்கலைன்னா, நீ உன் ஆபீஸ் மேஜையக் காலி பண்ணிட்டு வேலைய விட்டுடு" என்றார் கடைசியில்.

"சரி."

"சரியா? யோசிச்சுச் சொல்லு."

"மேஜையில பெருசா ஒண்ணுமில்ல, கோச்." பிறகு ஹாலிஸ் என் பக்கம் திரும்பினார். "ராய்ஸ், லாரியக் கொஞ்சம் எடுத்தீங்கன்னா, நாங்க போய்க்கிட்டே சண்டை போட்டுக்குவோம்."

நான் லாரியை எடுத்தேன். வேறு என்ன செய்ய. எர்லினிடம் மட்டும் சொன்னேன். கார் கிளம்புவதற்குள் அவள் ஓடிப்போய் மீதிக் கறியைக் காகிதத்தில் சுற்றி ஹாலிஸ் மடியில் வைத்துவிட்டு வந்தாள்.

பிப்ரவரியில் லைல் கையெழுத்துப் போட்டான். கல்லூரியில் அவனுக்குத் தீனி போட்டுப் பார்த்தார்கள். ஹாய்ட் வேறு பெட்டி பெட்டியாகப் புகைபோட்ட கறி அனுப்பினான். ஒன்றும் ஒட்டவில்லை. முதல் வருடம் விட்லோ அவனை எல்லா இடத்திலும் நிறுத்திப் பார்த்தார். எல்லா இடத்திலும் யாராவது அவன்மேல் ஏறிப் போனார்கள். ஹாலிஸால் உதவ முடியவில்லை, அவருக்குத்தான் சொல்லிக்கொடுக்கத் தெரியாதே. பந்தய விஷயம் எப்படியோ கசிந்து, அவர் வேலை போகப்போகும் நாளை டயர் கடையில் குறித்தே வைத்துவிட்டார்கள். லைல் வீட்டுக்கு ஃபோன் செய்தால் கணக்குப் பாடம் பற்றி மட்டும் பேசுவான். ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால், "அம்மாகிட்ட குடுங்கப்பா" என்பான், அம்மாவிடம் அப்போதுதான் பேசி முடித்திருந்தாலும்.

வசந்தத்தில் ஒருநாள் மரம் இறக்கிவிட்டுத் திரும்பும்போது கல்லூரி மைதானத்து வேலியோரம் லாரியை நிறுத்தினேன். மற்றப் பையன்கள் எல்லோரும் குளிக்கப் போய்விட்டார்கள். லைல் தனியாகக் குனிந்து நின்று, கால்களுக்கு நடுவில் பந்தைப் பின்னால் எறிந்துகொண்டிருந்தான். தூரத்தில் வேலியில் ஒரு பழைய டயர் தொங்கியது. பந்தை உதைக்கிறவனுக்கு இப்படித்தான் ஒருத்தன் குனிந்து பின்னால் எறிந்து கொடுக்க வேண்டும். ஸ்னாப்பர் என்பார்கள். அவனுக்குச் சதை வேண்டாம். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி எறிந்தால் போதும்.

விட்லோ புழுதியில் மண்டியிட்டு அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அதே கோச்தான், கடிகாரத்தைக் கழற்றி எங்கோ வைத்திருந்தார். "கட்டைவெரல வெளிய திருப்பு. எறியாத, விடு. பந்துக்கே வழி தெரியும். ம், மறுபடி." டயருக்குப் பின்னால் ஹாலிஸ் மூச்சு வாங்க ஓடி ஓடிப் பந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"நீ புடிச்சுட்டு வந்தவன், நீயே பொறுக்கு" என்று விட்லோ கத்தினார்.

"பொறுக்கறேன், கோச். டயர் நடுவுல போட்டா இவ்ளோ தூரம் ஓட வேண்டியதில்ல, அதையும் சொல்லிக்குடுங்க."

லைல் சிரித்தான். அவன் அந்தக் கல்லூரியில் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல். ஹார்ன் அடிக்காமல் கிளம்பினேன்.

இரண்டாவது சீசன் முதல் ஆட்டத்தில் மழை. நான், எர்லின், இரண்டு இருக்கையை அடைத்துக்கொண்டு ஹாய்ட். எங்கள் அணி முன்னேற முடியாமல் பந்தை உதைத்துவிட வேண்டிய நேரம் வந்தது. லைல் ஓடி வந்தான். எர்லின் என் கையைப் பிடித்துக்கொண்டாள், நகம் பதிந்தது. அவன் குனிந்தான். ஈரப் பந்து அவன் காலுக்கு நடுவில் போய் உதைப்பவன் கையில் சொத்தென்று உட்கார்ந்தது. அவன் உதைத்தான். பந்து போயிற்று.

"அவ்ளோதானா?" என்றாள் எர்லின்.

அவ்வளவுதான். அந்த வேலையில் ஒருவன் பெயர் யாருக்கும் தெரியாவிட்டால் அவன் நன்றாகச் செய்கிறான் என்று அர்த்தம். யாரும் கைதட்டவில்லை. களத்தோரத்தில் நின்ற ஹாலிஸ் மட்டும் திரும்பி, மழையில் எங்களைத் தேடிப் பிடித்து, தொப்பியைக் கழற்றி ஹாய்டுக்கு வணக்கம் வைத்தார்.

"எனக்கெதுக்கு?" என்றான் ஹாய்ட். "நான் என்னய்யா பண்ணேன்?"

பட்டம் வாங்கும்வரை லைல்தான் எறிந்தான். இப்போது மாநிலத்துப் பாலங்களைச் சோதிக்கிற வேலையில் இருக்கிறான். என் ஓடைப் பாலத்துக்கு அவன்தான் எச்சரிக்கைப் பலகை வைத்தான். அதனால் நான் சுற்றிக்கொண்டு போகிறேன், சந்தோஷமாகத் திட்டிக்கொண்டே.

விட்லோ பெரிய கல்லூரிக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் ஹாலிஸை வைத்துக்கொள்ளவில்லை. அவர் இப்போது கூட்டுறவுக் கடையில் மாட்டுத் தீவனமும் விதையும் விற்கிறார். மூட்டையை ஏற்றும்போது மாட்டைப் பற்றிக் கேட்க மாட்டார், மாட்டின் அம்மாவைப் பற்றிக் கேட்பார். டயர் கடைச் சண்டை இன்னும் முடியவில்லை. என்னைக் கேட்டால், ஆக்கியது விட்லோதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதற்கு அவருக்கு நல்ல சம்பளம் கொடுத்தார்கள். தவறான ஆளை எடுத்துவிட்டு, அந்தத் தவறோடு தன் வேலையைக் கட்டிப்போட்டு நின்றதற்கு ஹாலிஸுக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. அதனால் என் நன்றியில் பெரிய பங்கு அவருக்கு.

கோடையில் குடும்பம் கூடும்போது அதே புட்டிங் பாத்திரத்தோடு இன்றும் வருகிறார். இந்த வருடம் லைலும் அவன் மனைவியும் கைக்குழந்தையைக் கொண்டுவந்திருந்தார்கள். ஹாலிஸ் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, குழந்தையின் பாதத்தைத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு ஹாய்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இந்தத் தடவ நான் மொதல்லயே கேட்டுக்கறேன்" என்றார். "இது எந்தப் பக்கத்துப் புள்ள?"

"பன்னிக்கறி பக்கம்" என்று சொல்லி ஹாய்ட் அவர் கையில் தட்டைத் திணித்தான்.